படகு தாங்கும் எடை

ஆகஸ்ட் 4, திங்கள்

கணக்குப் பரீட்சையில் ஐம்பதுக்கு நாற்பத்தொன்று. கையெழுத்துப் போடும்போது அத்தை, "மீதி ஒன்பதை எங்கே தொலைச்சே?" என்று கேட்டார். அவ்வளவுதான். சனிக்கிழமை எப்படி இருந்தது என்று கேட்கவில்லை. எப்போதுமே கேட்கமாட்டார். மாதத்தில் முதல் சனிக்கிழமை நான் அம்மாவைப் பார்க்கப் போகிறேன், வருகிறேன், செருப்பைக் கழற்றுகிறேன், "கை கால் கழுவிட்டு வா" என்கிறார். அப்பாவும் அம்மாவும் பிரிந்ததிலிருந்து இந்த வீட்டில் அம்மாவுக்குப் பெயர் "அவ". அதுவும் கதவு சாத்தியிருக்கும்போது மட்டும்.

அத்தை பக்கத்துக் கட்டிலில் தூங்குகிறார். போர்வைக்குள் டார்ச்சை வைத்து எழுதுகிறேன். அத்தை கேக் செய்து விற்கிறவர்; அந்தக் கேக் பெட்டி அட்டைகளுக்கு அடியில் நோட்டை ஒளித்து வைப்பேன். அத்தை பார்த்துவிட்டால் அந்த ஒரு சனிக்கிழமையும் போய்விடும். போய்விடும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் போய்விடும்.

இந்தத் தடவை கேட்டே விட்டேன். பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள பேக்கரியில்தான் எப்போதும் உட்காருவோம். அம்மா நவம்பரில் சதுப்பு ஏரிக்குப் போவாள், வருடா வருடம். தூர தேசத்திலிருந்து வரும் பறவைகளின் காலில் யாரோ வளையம் மாட்டியிருப்பார்கள். அதில் இரண்டு மூன்று எழுத்து இருக்கும், எந்தப் பறவை என்று அடையாளம் தெரிய. அதைப் படம் பிடித்துப் படித்துச் சொல்வதுதான் அம்மாவின் வேலை. கிட்டே போனால் பறந்துவிடும். அதனால் தூரத்திலிருந்து, பெரிய லென்ஸால்.

"அப்போ எனக்கு லீவுதான். நானும் வரவாம்மா?"

அம்மா கேமரா பையைத் தூக்கி என் மடியில் வைத்தாள். தொடை நசுங்கிவிட்டது.

"தூக்கிப் பாரு. இது, ட்ரைபாட், நான் — மூணும் ஏறினாலே அந்தப் படகு தாழுது குட்டி. உன்னை எங்கே உட்கார வைக்கிறது?"

சிரித்துக்கொண்டே சொன்னாள். அப்படியென்றால் எடைதான் பிரச்சினை. எடை என்றால் குறைக்கலாமே?


ஆகஸ்ட் 6, புதன்

பள்ளிக்கூடத்துக்கு அடுத்த தெருவில் கேமரா வாடகைக்கு விடும் கடை இருக்கிறது. சுண்டுவையும் இழுத்துக்கொண்டு போனேன். சுண்டு என் பக்கத்து பெஞ்ச், வகுப்பிலேயே குள்ளம், வாய் மட்டும் நீளம். கடைக்காரர் லென்ஸ் துடைக்கும்போது அதன் மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பார். அதனால் சுண்டு அவருக்கு "லென்ஸ் மூடி" என்று பெயர் வைத்துவிட்டாள்.

"அண்ணா, அறுநூறு எம்எம் லென்ஸ் எவ்வளவு எடை?"

மூடியை வாயிலிருந்து எடுத்தார். "எதுக்கு மேடம், பள்ளிக்கூடத்து மேல குண்டு போடவா?"

எங்கள் அம்மா பறவைப் படம் எடுப்பவள் என்றேன். உடனே முகம் மாறிவிட்டது. உள்ளே கூப்பிட்டு ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்தார். அம்மாவுடையதைப் போல ஒன்று, பழசு, நாலு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கைக்குழந்தையைப் பிடிப்பதுபோல அடியில் கை கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. அப்புறம் ஒரு குட்டி லென்ஸை நீட்டினார். தண்ணீர் பாட்டில் அளவுதான். ஒன்றேகால் கிலோ.

"இதுவும் அது பார்க்கிற அதே தூரத்தைப் பார்க்கும்" என்றார்.

நான் நம்பவில்லை. "சத்தியமாவா?"

"சென்சார் சின்னது மேடம். சின்ன கேமராவுக்குச் சின்ன லென்ஸ் போதும்."

வெளியே வந்ததும் சுண்டு, "ஊர்ல இருக்கிற பொண்ணுங்க எல்லாம் கம்மல் டிசைன் பார்க்குது, இவ குழாய் எடை பார்க்கிறா" என்றாள். சிரிப்பே வரவில்லை எனக்கு. தலைக்குள் ஒன்றேகால், ஒன்றேகால் என்று ஓடிக்கொண்டிருந்தது.


ஆகஸ்ட் 9, சனி

பள்ளி நூலகத்துக் கம்ப்யூட்டரில் இரண்டு மணி நேரம் படித்தேன். இப்போது புரிகிறது. மறந்துபோவதற்குள் எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

வகுப்புப் போட்டோ ஒன்றை எடுத்து, ஓரமெல்லாம் வெட்டிவிட்டு நடுவில் நிற்பவள் முகத்தை மட்டும் வைத்தால், அவள் கிட்டே வந்ததுபோல இருக்கும். கேமராவுக்குள் படம் விழுகிற சில்லுதான் சென்சார். அது சின்னதாக இருந்தால் அது நடுப்பகுதியை மட்டும்தான் பிடிக்கும். அதனால் முந்நூறு எம்எம் லென்ஸ் அறுநூறு மாதிரி காட்டும். பாதி நீளம், மூன்றில் ஒரு பங்கு எடை. நடுத்தர சென்சாரும் உண்டு. அதற்கு நானூறு போதும், இழுத்து நீட்டுகிற வகை ஒன்று ஒன்றரை கிலோவுக்குள் வருகிறது.

அத்தை கடைகளுக்குக் கேக் கொடுக்கப் போயிருந்த நேரத்தில் அவருடைய தராசை எடுத்தேன். கட்டட வேலை நடக்கிற இடத்திலிருந்து மணல் அள்ளி வந்திருந்தேன். ஒரு பாட்டிலில் சின்ன லென்ஸின் எடை. இன்னொன்றில் நடு லென்ஸ். பெரியதற்கு இரண்டு பாட்டில் சேர்த்துக் கட்ட வேண்டியிருந்தது. தராசில் ஒட்டியிருந்த மணலை ஈரத் துணியால் மூன்று தடவை துடைத்தேன். மாவில் ஒரு மணல் கடிபட்டால்கூட நான் தொலைந்தேன்.

பெரிய லென்ஸை விட்டால் கனமான ட்ரைபாடும் வேண்டாம். சின்னதைக் கையிலேயே பிடிக்கலாமாம். எல்லாம் சேர்த்து ஏழு கிலோ குறைகிறது.

ஏழு கிலோ! பையில் என் துணிகளை வைக்கலாம். என்னை?


ஆகஸ்ட் 13, புதன்

இன்று பெரிய லென்ஸைப் பள்ளிக்குச் சுமந்து போனேன், மணலாக. தோள்பட்டை கழன்றுவிடும்போல. அம்மா இதை எத்தனை வருடமாகச் சுமக்கிறாள்?


ஆகஸ்ட் 19, செவ்வாய்

அப்பா லிஃப்ட் மெக்கானிக். இன்று பக்கத்து அடுக்குமாடியில் வேலை, ராத்திரிச் சாப்பாடு கொண்டுபோனேன். லிஃப்டைப் பாதியில் நிறுத்தி உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டோம். சுவரில் ஒரு தகடு: எட்டுப் பேர், இத்தனை கிலோ.

"அதுக்கு மேல ஏறினா என்னப்பா ஆகும்? அறுந்து விழுமா?"

"அட போ. மணி அடிக்கும், கதவு மூடாது. யாராவது ஒருத்தர் இறங்கணும்."

"யார் இறங்கணும்?"

"கடைசியா ஏறினவங்கதான். எல்லாரும் அவங்களைத்தானே பார்ப்பாங்க."

சாப்பாட்டை வைத்துவிட்டுத் தண்ணீரைக் குடித்தேன். அப்பா பார்த்துவிட்டார். என்ன கண்ணு, காரமா என்றார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "தகட்டுல போட்டிருக்கறதுக்கு மேலயும் இது தாங்கும். பயத்துக்கு இடம் விட்டுத்தான் எழுதுவாங்க" என்றார்.

அம்மா என்ற சொல் அப்பா வாயிலும் வருவதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் துணி உலர்த்துகிற சாக்கில் போனை என் கையில் கொடுத்துவிட்டு, அரை மணி நேரம் ஒரே சட்டையை உதறிக்கொண்டிருப்பார்.


ஆகஸ்ட் 27, புதன்

ஒரு விஷயம் கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

லென்ஸில் எஃப் நாலு என்று போட்டிருக்கும். பெரியதிலும் நாலு, சின்னதிலும் நாலு. ரெண்டும் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். இன்று அத்தையின் கேக் டின்களைக் கழுவும்போது சும்மா வகுத்துப் பார்த்தேன். அறுநூறை நாலால் வகுத்தால் நூற்றைம்பது மில்லிமீட்டர். அதுதான் முன்பக்கக் கண்ணாடியின் அகலம். சரியாக ஆறு இஞ்ச் டின். முந்நூறை நாலால் வகுத்தால் அதில் பாதி, கப் கேக் அச்சு. பெரிய டின்னுக்குள் சின்ன அச்சை வைத்துப் பார்த்தேன். அந்தப் பறவையிலிருந்து வருகிற வெளிச்சத்தில் நாலில் ஒரு பங்குதான் இதன் வாய்க்குள் போகும். மீதி மூன்று பங்கு வெளியே சிந்திப் போகும்.

வெயிலில் தெரியாது. ஆனால் அம்மா படம் எடுப்பது விடிவதற்கு முன்னால், பனிக்குள். வளையத்து எழுத்து பொரிபொரியாய்ப் போய்விடுமோ?

எடை சும்மா குறையவில்லை. வெளிச்சத்தை விட்டுவிட்டுத்தான் குறைந்திருக்கிறது.

"என்னடி டின்னை ஜோசியம் பார்க்கிற மாதிரி பார்த்துக்கிட்டு இருக்கே?" என்றார் அத்தை. அச்சு நழுவிக் கீழே விழுந்தது. ஒன்றுமில்லை அத்தை என்றேன்.

அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டுமா? சொன்னால் பெரியதையே தூக்கிக்கொண்டு போவாள். சொல்லாவிட்டால்?


ஆகஸ்ட் 31, ஞாயிறு

போனில் எல்லாம் சொன்னேன். மூன்று சென்சார், மூன்று எடை, ட்ரைபாட், ஏழு கிலோ. மூச்சு விடாமல் சொன்னேன்.

"இதெல்லாம் எப்போ படிச்சே?"

"சும்மா. நூலகத்துல."

"யோசிக்கிறேன் குட்டி." அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. சளியாக இருக்கும்.

வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லவில்லை.


செப்டம்பர் 6, சனி

அம்மா சின்ன கேமராவோடு வந்தாள்!! வாடகைக்கு எடுத்தாளாம், பார்க்கலாம் என்று. நான் சொன்னதற்காக! பையை ஒற்றை விரலில் மாட்டித் தூக்கிக் காட்டினேன், பேக்கரிக்காரர்கூடச் சிரித்தார். கண்ணாடி வழியே பேருந்துகளைப் பார்த்தோம். எதிர்ப்பக்க நடத்துநர் காதில் செருகியிருந்த பென்சில் தெரிந்தது. அம்மாவின் தோள் என் தோளோடு ஒட்டியிருந்தது. ஒரே கேமராவில் இரண்டு பேர் பார்க்கும்போது அப்படித்தான் உட்கார வேண்டும்.

இதோடு நிறுத்திவிடலாம்போல இருக்கிறது.

"அப்போ நவம்பர்ல நான் வரலாம்தானே?" என்றேன்.

அம்மா தம்ளரைச் சுற்றிச் சுற்றி வைத்தாள். "பை குறைஞ்சிடுச்சு, சரிதான். ஆனா படகோட்டி கணக்கு வேற குட்டி. அவர், நான், சாமான். அவ்வளவுதான் தாங்கும். நீ எவ்வளவு இருக்கே இப்போ?"

"முப்பத்தெட்டு."

"பார்த்தியா, பத்து பெரிய லென்ஸ்!"

சிரித்தாள். நானும் சிரித்தேன். அம்மாவின் பேருந்து கிளம்பும்போது ஜன்னல் வழியே கையை நீட்டினாள், எட்டவில்லை. நான் எம்பவில்லை. ஏன் எம்பவில்லை?


செப்டம்பர் 7, ஞாயிறு

பத்து லென்ஸ். கடைசியாக ஏறுகிறவள்.


செப்டம்பர் 15, திங்கள்

லென்ஸில் குறைக்க இனி ஒன்றுமில்லை. ட்ரைபாடில் ஒன்றுமில்லை. மீதி இருப்பது நான்தான்.

மதியச் சாப்பாட்டைச் சுண்டுவிடம் கொடுத்துவிட்டேன். ராத்திரி வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். அத்தை நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பொய் தொட்டால் தெரியுமா?

அம்மா முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றேன். மூக்கு வருகிறது, கண் வருகிறது, சேர்ந்து வரமாட்டேன் என்கிறது.


செப்டம்பர் 24, புதன்

சுண்டு சண்டை போட்டுவிட்டாள். "உன் டப்பா எனக்கு வேணாம். எனக்கு ரெண்டு சுத்து ஏறினதுதான் மிச்சம். நீ என்னடி, கொடிக்கம்பி மாதிரி ஆயிட்டே? எங்கம்மாகிட்ட சொல்லவா?"

சொல்லாதே என்று கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் அம்மா அத்தையிடம் கேக் வாங்குகிறவர். அத்தைக்குப் போய்விடும். அத்தைக்குத் தெரிந்தால், "பார்த்தியா, அவளைப் பார்க்கப் போறதாலதான் இவ்வளவும்" என்று ஒரே வார்த்தையில் முடிந்துவிடும்.

"எதுக்காக?" என்றாள் சுண்டு.

ஒரு படகுக்காக என்றேன். அவள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அப்புறம் தன் டப்பாவைத் திறந்து, "ஒரு வாய். ஒரே ஒரு வாய். அதுக்கெல்லாம் எந்தப் படகும் முழுகாது" என்றாள். வாங்கிக்கொண்டேன். அழுகையாக வந்தது.


அக்டோபர் 2, வியாழன்

எப்படி எழுதப் போகிறேன் என்று தெரியவில்லை.

சாயங்காலம் இரண்டடுக்கு கேக் ஒன்று. யாருடைய பிறந்தநாளுக்கோ. அத்தை காலையிலிருந்து செய்தது. அதை மேசையிலிருந்து பெட்டிக்கு மாற்ற ஒரு பக்கம் என்னைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். தரை சாய்ந்த மாதிரி இருந்தது. அப்புறம் நான் கீழே கிடந்தேன், கேக்கும் கீழே கிடந்தது, அத்தை என் தலையை மடியில் வைத்திருந்தார். அவர் கையெல்லாம் கிரீம்.

அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடிக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார், விரல்களால் வளைத்து. ரொம்ப நேரம் விடவே இல்லை.

"சாப்பிடறதே இல்ல. அப்படித்தானே? எத்தனை நாளா?"

முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"பாப்பா. என்னைப் பாரு. நான் திட்டமாட்டேன். எதுக்கு?"

எத்தனை வருடம் கழித்து என்னைப் பாப்பா என்றார். அதில்தான் எல்லாம் உடைந்துவிட்டது. சொல்லிவிட்டேன். சதுப்பு ஏரி, வளையம், பெரிய லென்ஸ், சின்ன லென்ஸ், மணல் பாட்டில், உங்க தராசைத் தொட்டேன் அத்தை, மன்னிச்சிடுங்க அத்தை, படகில இடமில்ல, நான் முப்பத்தெட்டு கிலோ, அதான். எல்லாம் கொட்டிவிட்டேன். அம்மா என்று அவர் முன்னால் வாய்விட்டுச் சொன்னேன், எத்தனை தடவை என்று தெரியாது.

அத்தை கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "அது என்ன படகு, தங்கத்துல பண்ணியிருக்காங்களா?" என்றார். குரல் கரகரத்தது.

தரையில் கிடந்த கேக்கில் தரை படாத பக்கத்தை அள்ளி எனக்கு ஊட்டினார். சர்க்கரைத் தண்ணீர் கலந்து குடிக்க வைத்தார். பிறகு போனை எடுத்தார். நம்பரை என்னிடம் கேட்கவில்லை. அவரிடமே இருந்தது.

"நான்தான் பேசறேன்... ஆமா, நான்தான். உன் பொண்ணு மயக்கம் போட்டு விழுந்துட்டா. இப்போ பரவாயில்ல... குறுக்கே பேசாதே, கேளு. படகுல இடம் இல்லேன்னு சொன்னியாமே? அதுக்காகச் சாப்பிடாம உடம்பைக் குறைக்கிறா. விளங்குதா? உன் லென்ஸைக் குறைச்சா, பத்தலேன்னு தன்னைக் குறைச்சுக்கிட்டா." போனில் விசும்பல் சத்தம். "அழாதே. நீ அழறதைக் கேட்க நான் போன் பண்ணல. கிளம்பி வா. பேக்கரிக்கு இல்ல. வீட்டுக்கு."

யாருடைய பிறந்தநாளோ. கேக் இல்லாமல் போய்விட்டது.


அக்டோபர் 4, சனி

அம்மா வந்தாள். எங்கள் வாசலில் அவள் செருப்பு. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா கதவைத் திறந்தவர் "வா" என்று சொல்லிவிட்டு, அப்புறம் என்ன செய்வது என்று தெரியாமல் மின்விசிறியை வேகமாக வைத்தார்.

டாக்டரிடம் நேற்றே போய்வந்தோம். அவர் திட்டினார், சத்து மருந்து எழுதினார், வாரா வாரம் வரச் சொன்னார். அதையெல்லாம் அத்தை அம்மாவிடம் ஒப்பித்தார், பரீட்சை மாதிரி. சமையலறையில் நான் நடுவில் உட்கார்ந்து சாப்பிட, இரண்டு பக்கமும் இரண்டு பேர், என் தட்டையே பார்த்துக்கொண்டு. விக்கல் எடுத்தால்கூட ரெண்டு தம்ளர் வந்தது.

"படகுல எத்தனை பேர் போகலாம்?" என்று அத்தைதான் ஆரம்பித்தார்.

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "நாலு பேர், அண்ணி."

நாலு பேர்.

எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டேன். நாலு பேர் போகிற படகு. சாமானோடு நாலு பேர்.

"அப்போ ஏம்மா?" நான் கத்திவிட்டேன் என்று நினைக்கிறேன். "ஏன் பொய் சொன்னே? நான் வர்றது பிடிக்கலேன்னா பிடிக்கலேன்னு சொல்லவேண்டியதுதானே? மணல் தூக்கினேன்மா நான். பைத்தியக்காரி மாதிரி மணல் தூக்கினேன்!"

அம்மா என் பக்கம் திரும்பினாள். மூக்கு, கண் எல்லாம் சிவந்து.

"மாசத்துல ஒரு மத்தியானம் உன்னைப் பார்க்கிறேன். பஸ் ஏறினதும் ரெண்டு நாள் எனக்கு எதுவும் ஓடாது. மூணு நாள் நீ என் பக்கத்துல படுத்துத் தூங்கி எழுந்தா, நாலாவது நாள் உன்னைக் கொண்டுவந்து விடணுமே. எனக்கு அதுக்குத் தெம்பு இல்ல குட்டி. அதைச் சொல்லத் தெரியல. பை கனமா இருந்தது. பை மேல சொல்லிட்டேன்."

கூடத்தில் அப்பா பேப்பரைப் புரட்டுகிற சத்தம் நின்றுபோயிருந்தது.

அம்மா மேலே சொன்னாள்: "நீ சொன்ன சின்ன லென்ஸ் விடியக்காலைல உதவாது. அன்னைக்கே தெரியும். நீ அவ்வளவு படிச்சுச் சொன்னே. அதனால எடுத்துட்டு வந்தேன்."

"எனக்கும் தெரியும்" என்றேன். "நாலில ஒரு பங்கு வெளிச்சம்தான். நான் சொல்லல."

அம்மா என்னைப் பார்த்தாள். அத்தை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்ல ஜோடி" என்றார். "ஆளுக்கொரு பொய். அள்ளிப் போட்டுக்க, சாதம் ஆறுது."


அக்டோபர் 5, ஞாயிறு

கோபம் போகவில்லை. ராத்திரி ஒரு தடவை போகும், காலையில் பார்த்தால் திரும்ப இருக்கும். மணல் பாட்டில்களை மாடியிலிருந்து கொட்டினேன். கீழே சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தவர் மேல் விழுந்து ஒரே ரகளை. அப்பா போய்ச் சமாதானம் செய்தார்.


அக்டோபர் 17, வெள்ளி

டாக்டர், "தேவலை" என்றார். நவம்பரில் அம்மாவோடு போகலாமாம், ஆனால் நாற்பது கிலோவைத் தாண்டினால்தான் ஏரி என்பது அத்தையின் சட்டம். எடை அதிகம் என்று படகோட்டியே சொன்னாலும் அத்தை கேட்கமாட்டார்போல.


நவம்பர் 7, வெள்ளி

நாற்பதைத் தாண்டிவிட்டேன், நாளைக் காலை கிளம்புகிறோம்.

அத்தை என் பையை நான்கு முறை பிரித்து அடுக்கினார். கம்பளித் தொப்பி, மாத்திரை, டப்பா நிறைய பிஸ்கட். "கொசு கடிச்சா சொறியாதே. தண்ணியில கையை விடாதே. அவ சொன்னான்னு பச்சைத் தண்ணி குடிக்காதே." அவ என்றார் இன்னமும். ஆனால் கதவு திறந்தே இருந்தது.

ஜிப்பை இழுத்து மூடியவர் எழுந்திருக்கவில்லை. பை மேலேயே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"போனா வந்துடுவே இல்ல?"

இவருக்கும் பயமா? நான் மட்டும்தான் இந்த வீட்டில் பயந்துகொண்டு இருக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

"செவ்வாய்க்கிழமை வந்துடுவேன் அத்தை. புதன்கிழமை ஸ்கூல்."

"ஸ்கூல் இல்லேன்னா?"

"அப்பவும்தான்."

"கழுதை" என்றார். எழுந்து போய்விட்டார். அப்புறம் வெகு நேரம் குழாய் ஓடுகிற சத்தம்.


நவம்பர் 10, திங்கள்

சதுப்பு ஏரி. தகரக் கூரை போட்ட ஒற்றை அறை, இரண்டு கட்டில், ஒரு பல்பு. வெளியே தவளைகள் விடாமல் கத்துகின்றன.

பெரிய லென்ஸ்தான் வந்தது. சின்னதும் வந்தது. ட்ரைபாடை நான் சுமந்தேன். படகு கொஞ்சமும் தாழவில்லை. படகோட்டி என்னை ஏற இறங்கப் பார்த்து, "இவ்வளவுதானா? நான் ஆள் வருதுன்னு நினைச்சேன்" என்றார். அம்மாவுக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவருக்கு ஒன்றும் தெரியாது, பாவம்.

விடிவதற்கு முன்னால், பனிக்குள், நாணலுக்குப் பக்கத்தில் நின்றோம். மூச்சு புகையாக வந்தது. நீளக்கால் பறவைகள் சேற்றில் ஒற்றைக் காலில் தூங்கிக்கொண்டிருந்தன. சின்ன லென்ஸை முதலில் நான் வைத்துப் பார்த்தேன். காலில் வெள்ளையாக ஏதோ இருப்பது தெரிந்தது, அவ்வளவுதான். எடுத்த படத்தைப் பெரிதாக்கினால் எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் ரவையைக் கொட்டியதுபோல. அம்மா பேசாமல் நகர்ந்து பெரியதற்கு முன்னால் எனக்கு இடம் விட்டாள்.

பார்த்தேன். அதே பறவை, அதே கால். வெள்ளை வளையம், கறுப்பு எழுத்து. முதல் எழுத்து சேற்றில் பாதி மறைந்திருந்தது. காத்திருந்தோம். படகோட்டி கொட்டாவி விட்டார். பறவை காலை மாற்றியது.

"படி" என்றாள் அம்மா காதுக்குள்.

படித்தேன். குரல் வரவில்லை, இரண்டாம் தடவை சரியாகப் படித்தேன். அம்மா திரும்பச் சொன்னாள். இதுவரை இந்த ஏரியில் யாரும் பார்க்காத வளையமாம்.

வெயில் வந்த பிறகு சின்னதே போதுமானதாக இருந்தது. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நானாக எடுத்தேன், கை வலிக்காமல், மத்தியானம் வரைக்கும். எல்லாம் பறவையின் முதுகு. பரவாயில்லை.

நாளைக் காலை கடைசி முறை ஏரிக்குள் போய்விட்டு, மத்தியானப் பேருந்து. அம்மா இன்று சாப்பிடும்போது அதைப் பற்றிப் பேச ஆரம்பித்து, பாதியில் உப்பைத் தேடினாள். உப்பு முன்னாலேயே இருந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன். நாளை அழுவோம் என்று இரண்டு பேருக்குமே தெரியும். டிசம்பரில் நீ வீட்டுக்கு வா, அத்தைதான் கூப்பிடச் சொன்னார் என்றேன். "அண்ணியா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

இப்போது தூங்கிவிட்டாள். போர்வை பாதி தரையில். தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறாள், நறநறவென்று, ஏதோ கோபத்தில் இருப்பவள் மாதிரி. எனக்கு இது தெரியவே தெரியாது. அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். ஒரு நாளும் சொன்னதில்லை.